நாற்பது பாகம்: எத்தியோப்பியக் கோவில் காடுகளில் ஆறு நாள்

முதல் நாள். 2019 நவம்பர் 5, செவ்வாய். பாஹிர் டார்

அடிஸ் அபாபாவிலிருந்து பாஹிர் டாருக்கு விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம். ஜன்னலோரத்தை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று ஏறிய கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் தோளுக்கு மேலாக எட்டி எட்டித்தான் இந்த நாட்டை முதலில் பார்த்தேன். கீழே அறுப்புக்குக் காத்திருக்கும் டெஃப் என்ற சிறுதானிய வயல்கள், பழுப்பும் பொன்னுமாக, கண்ணுக்கு எட்டிய மட்டும். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரும்பச்சை வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் வெயிலில் மின்னும் ஒரு தகரக் கூரை.

"ஏட்டி, இது என்ன, அம்மை குத்தின தழும்பு மாதிரி?"

"தழும்பு மத்ததெல்லாம் அக்கா. அந்த வட்டம்தான் தோல்."

அந்த வட்டங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தெவஹெதோ திருச்சபைக்கு நாடு முழுக்க சுமார் 35,000 கோவில்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். வடக்கு மேட்டுநிலத்தில் பழைய கோவில் என்றால் அதைச் சுற்றி ஒரு காடு உண்டு. சில காடுகள் நம்மூர்ப் பள்ளிக்கூட மைதானம் அளவுதான். சில நூற்றுக்கணக்கான ஏக்கர். சுற்றிலும் எல்லாம் உழுது முடிந்த பிறகு, இந்தப் பகுதியின் பூர்வீக மரங்கள் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்த வட்டங்களுக்குள்தான்.

நான் கல்லூரியில் முப்பது வருஷம் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவள். பாளையங்கோட்டைப் பக்கம், தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். பயணத்துக்குக் காரணம் ஒரு வாகை மரம். எங்கள் சேகரத்தின், அதாவது சபை வட்டாரத்தின், கோவில் வளாகத்தில் நின்றது. அசனப் பண்டிகை என்கிற சபை விருந்துக்குச் சோறு பொங்கும் அண்டாக்களுக்கு அதுதான் நிழல். போன வருஷம் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று கமிட்டி முடிவெடுத்து, ஒரே காலையில் வெட்டித் தரையெல்லாம் பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், ஜெபம் பண்ணித்தான் வேலையை ஆரம்பித்தார். சேகரத்தின் பெயர் வேண்டாம், ஊரில் நான் இருந்தாக வேண்டும். அந்த வாரம் கோபத்தில் எதையோ படிக்கப் போய் எத்தியோப்பியாவில் வந்து நின்றேன்.

இன்னொரு சமாசாரம். இங்கே மணி எண்ணுவது நம் கணக்கைவிட ஆறு மணி நேரம் தள்ளி. சூரியன் உதித்து ஒரு மணி நேரம் ஆனால் மணி ஒன்று. ஓட்டுநர் தம்பி "நாளைக்கு இரண்டு மணிக்கு வருகிறேன்" என்றதும் நான் குழம்பினேன். அக்கா குழம்பவில்லை. "ஆறாம் மணி நேரம் முதல் ஒன்பதாம் மணி நேரம் வரைக்கும்னு சிலுவைப்பாட்டுல வாசிக்கோம்லா, அந்த மணிதாம்ட்டி இது." காலை எட்டு மணிக்கு அவர் வந்து நிற்பார்.

இரண்டாம் நாள். நவம்பர் 6, புதன். ஸெகே

புதனும் வெள்ளியும் இங்கே உபவாசம். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. தவக்காலங்களையும் சேர்த்தால் வருஷத்தில் பாதி நாள் இப்படியே போகும். டெஃப் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செராவைப் பற்றி எழுதும் எல்லாத் தமிழரும் ஆப்பத்தோடு ஒப்பிட்டுவிட்டதால் எனக்கு வேலை மிச்சம்.

தானா ஏரியில் படகு. நீல நைல் கிளம்பும் ஏரி, கரை தெரியாத அளவு தண்ணீர். ஆனால் எனக்குப் பழக்கமான முகம் ஒன்று மிதந்து வந்தது. ஆகாயத்தாமரை! தாமிரபரணியில் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே ஊதாப்பூ. இங்கே இதற்கு எம்போச் என்று பெயர். 2011 வாக்கில் ஏரியில் கண்ணில் பட்டது, வடக்குக் கரையைப் போர்த்திவிட்டது. விவசாயிகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் இழுத்துப் போடுகிறார்களாம். தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி இரண்டு பேர் ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

ஏரியில் சில தீவு மடங்களில் பெண்கள் கால் வைக்கக் கூடாது. படகோட்டி அதில் ஒன்றைத் தூரத்திலிருந்தே காட்டிவிட்டுத் திருப்பினார். அக்கா ஏதோ முனங்கினாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஸெகே ஒரு தீபகற்பம். இறங்கியதும் காடு. ஆனால் காட்டின் கீழ்த்தளம் முழுக்கக் காப்பிச் செடி. மேலே வன்ஸா, அத்தி வகைகள், இன்னும் எனக்குப் பிடிபடாத பெரிய மரங்கள். பெத்ரே மரியாம் என்ற துறவிதான் இங்கே சபையை நிறுவினார் என்பது மரபு. பெயருக்கே மரியாளின் கோல் என்று பொருள். அந்தக் கோலிலிருந்துதான் காப்பி முளைத்தது என்று கதை சொல்கிறார்கள். கதையோடு ஒரு கட்டளையும் வந்திருக்கிறது: இந்த மண்ணில் ஏர் பூட்டக் கூடாது, மாடு வளர்க்கக் கூடாது.

கதையை நம்புகிறேனா இல்லையா என்பதை விடுங்கள். தாவரவியல்காரியாக அந்தக் கட்டளையைப் பார்த்து வாய்பிளந்தேன். ஏர் இல்லை என்றால் வேர் அறுபடாது. மாடு இல்லை என்றால் கன்றுச்செடி பிழைக்கும். காப்பிக்கு நிழல் வேண்டும், அதனால் பெரிய மரத்துக்கும் வேலை இருக்கிறது. ஒரு காடு நிற்பதற்கு இதற்குமேல் என்ன சட்டம் எழுத முடியும்?

ஊரா கிதானெ மெஹ்ரத் கோவிலில் வட்டச் சுவர் முழுக்க ஓவியங்கள். வட்டக் கோவிலில் மூன்று சுற்று. வெளிச்சுற்றில் பாடுவார்கள், நடுச்சுற்றில் நற்கருணை, உள்ளே மக்தஸ் என்கிற மகா பரிசுத்த ஸ்தலம். அங்கே தாபோத் இருக்கிறது. உடன்படிக்கைப் பெட்டியின் நினைவாக ஒவ்வொரு கோவிலிலும் வைத்திருக்கும் பலகை. அதைப் பார்க்கக் குருக்களைத் தவிர யாருக்கும் உரிமையில்லை. கோவிலே அந்தப் பலகைக்குப் போர்த்திய போர்வைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

திரும்பும்போது தாங்க்வா என்ற கோரைப் படகுகள் எதிரே வந்தன. ஒன்றிரண்டில் விறகுக்கட்டு. ஸெகேயிலிருந்து பட்டணத்துச் சந்தைக்குப் போகிறது என்றார் படகோட்டி. ஏர் பூட்டக் கூடாது என்ற கட்டளையில் விறகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை போல.

மூன்றாம் நாள். நவம்பர் 7, வியாழன். டெப்ரே தாபோர்

பாஹிர் டாரிலிருந்து வடக்கே வொரெட்டா வரை போய், அங்கிருந்து கிழக்கே மலையேற வேண்டும். மொத்தம் நூறு கிலோமீட்டர் வரும். வழி நெடுகத் தைலமரம். வீட்டுக்கு வீடு, வரப்புக்கு வரப்பு, ஓடையோரம் எல்லாம். அம்ஹாரிக்கில் இதற்கு பாஹிர் ஸாஃப் என்று பெயர். கடல்தாண்டி வந்த மரம் என்று அர்த்தம். பேரரசர் இரண்டாம் மெனெலிக் அடிஸ் அபாபாவில் தலைநகரை வைத்த கொஞ்ச காலத்தில் சுற்றுவட்டாரத்து விறகெல்லாம் தீர்ந்துபோனது. தலைநகரையே மாற்றலாமா என்று யோசிக்கும் நிலை. 1890-களில் தைலமரம் வந்து ஊரைக் காப்பாற்றியது. ஊட்டிக்கு அது 1840-களிலேயே வந்துவிட்டது, அதனால் இந்த விஷயத்தில் நாம் அண்ணன்.

போன ஜூலை 29-ஆம் தேதி ஒரே நாளில் 35 கோடிக்கு மேல் மரக்கன்று நட்டதாக இந்த நாட்டு அரசு அறிவித்தது நினைவிருக்கலாம். ஓட்டுநர் தம்பியும் நட்டாராம். "யாரு தம்பி எண்ணினது?" என்று அக்கா கேட்டாள். அவர் சிரித்தாரே ஒழிய பதில் சொல்லவில்லை.

ஒரு மரத்தின் பெயர் கேட்டு வண்டியை நிறுத்தினேன். ஷோலா என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அது காட்டத்தி. சகேயு இயேசுவைப் பார்க்க ஏறிய அதே மரம். நம் சோலைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒலி ஒன்றாக இருந்தால் உறவு என்று எழுதிவிடும் ஆசை தமிழருக்கு எப்போதும் உண்டு, அடக்கிக்கொண்டேன்.

டெப்ரே தாபோர் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இன்று இவர்கள் கணக்கில் திகிம்த் மாதம் 27, மெத்ஹானெ ஆலெம், அதாவது உலக இரட்சகர் திருநாள். தெருவெல்லாம் வெள்ளை உடுப்பு. தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் நாங்கள் இந்தியர் என்று தெரிந்ததும் எழுந்து வந்து கைகொடுத்தார். பள்ளியில் தனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது இந்திய வாத்தியார் என்றார். பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக வாத்தியார் வேலைக்கு இங்கே வந்தார்கள். எங்கள் சித்தப்பா ஒருவரும் வந்தார். அவர் வேறு ஊர். இருந்தாலும் பெரியவர் காசு கொடுக்க விடவில்லை.

ஊருக்கு அருகில் கஃபாத். பேரரசர் தெவோத்ரோஸ், சுவிசேஷம் சொல்ல வந்த புராட்டஸ்டன்ட் மிஷனரிகளைப் பிடித்து, பீரங்கி வார்த்துக் கொடுங்கள் என்று உலைக்களத்தில் உட்கார வைத்த இடம். அவர்களும் 1867-இல் செவஸ்தபோல் என்ற பெரிய பீரங்கியை வார்த்துக் கொடுத்தார்கள். அந்த உலைக்கு எத்தனை மரம் கரியாகியிருக்கும்! சீர்திருத்த சபைக்காரி என்ற முறையில் எனக்கு அதில் ஒரு பங்கு கூச்சம்.

நான்காம் நாள். நவம்பர் 8, வெள்ளி. ஒரு கிராமத்துக் கோவில்

இன்றைய கோவிலின் பெயரை எழுதவில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

வண்டி நின்ற இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் வயல் வரப்பில் நடை. நிழல் கிடையாது. ஆட்கள் டெஃப் அறுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் காடு ஒரு சுவர் மாதிரி எழுந்து நின்றது. எல்லைக்குப் போனதும் ஓட்டுநர் தம்பி செருப்பைக் கழற்றவில்லை, ஆனால் வாயில்மரத்தில் நெற்றியை வைத்து முத்தமிட்டுவிட்டு நுழைந்தார். உள்ளே கால் வைத்த மறுகணம் காற்று மாறியது. சட்டென்று குளிர்ச்சி. திட் என்கிற ஜூனிப்பரின் வாசனை. வேய்ரா, அதாவது காட்டு ஒலிவ மரம், முறுக்கிப் பிழிந்த துணி போன்ற தண்டோடு. ஸிக்பா என்ற ஊசியிலை மரத்தை நிமிர்ந்து பார்த்தால் முக்காடு நழுவியது. உச்சியில் கறுப்பு வெள்ளை அங்கி போட்ட குரேஸா குரங்குகள் குடும்பத்தோடு உட்கார்ந்து எங்களைக் குனிந்து பார்த்தன.

குடில்கள் சில தெரிந்தன. கோவில் பள்ளியில் கீஸ் என்கிற பழைய ஆராதனை மொழியும் சங்கீதமும் படிக்கிற சிறுவர்கள் அதில் இருக்கிறார்கள், ஊருக்குள் போய்ச் சாப்பாடு வாங்கிவந்து. கல்லறைகள் மரத்தடியில். கனவான் தோரணையில் ஒரு கொம்பன் பறவை இருவாச்சி போலப் பறந்து போனது, இருவாச்சியேதான், வேறு இனம்.

குரு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். குருக்களை இங்கே "அபா" என்று அழைக்கிறார்கள். அறுபத்து மூன்று வயதில் நான் என் மகன் வயதுப் பையனை அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் போனேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"காடு எதற்கு?" என்றேன். ஓட்டுநர் தம்பி மொழிபெயர்த்தார்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. இரண்டாவது தடவை கேட்டதும் தன் வெள்ளைச் சால்வையைப் பிடித்துக் காட்டினார். இது கோவிலின் உடுப்பு. மரம் இல்லாத கோவில் அம்மணமாக நிற்கும் ஆள்.

இந்த வாக்கியத்தை இந்தப் பகுதியில் எல்லாக் குருக்களும் சொல்வார்கள் என்று முன்பே படித்திருந்தேன். அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் புதிது. கோவில் சுவரிலிருந்து இரண்டு கையையும் விரித்து நாற்பது தடவை அளந்தால் வரும் தூரம்வரை தாபோத்தின் மகிமை இருக்கிறது, தூதர்கள் காவல் நிற்கிறார்கள், அதற்குள் மரத்தில் கைவைத்தால் அது கோவிலில் கைவைத்தது போல. அக்கா உடனே "நாப்பது பாகம்!" என்றாள். எங்கள் அம்மா பிறந்தது மணப்பாடு பக்கம். கடலில் கயிறு விட்டு ஆழம் பார்ப்பது அந்தக் கணக்கில்தான். எழுபது மீட்டர் சொச்சம் வரும்.

ஸெகேயில் பார்த்த மூன்று சுற்று இங்கே முடிவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. காடு நான்காவது சுற்று. பலகைக்கு மக்தஸ் போர்வை, மக்தஸுக்குக் கோவில், கோவிலுக்குக் காடு. இவர்கள் இயற்கையைப் பாதுகாக்கிறார்கள் என்று நாம்தான் எழுதுகிறோம். இவர்கள் பாதுகாப்பது அந்தப் பலகையை. ஸிக்பாவும் குரேஸாவும் அந்த மரியாதையின் நிழலில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன.

இனி பெயரை மறைத்த காரணம். நாற்பது பாகத்தைத் தாண்டிய இடத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காட்டுக்குள்ளேயே. நான் முட்டியை மடக்கி உட்கார்ந்து ஸிக்பாவுக்கு அடியில் கன்று தேடினேன். அக்கா தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்து நேரம் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது நான்கு. அதில் இரண்டு கடிபட்டவை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளெல்லாம் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்டு, திண்ணையில் எண்பது வயதுக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி ஒரு காடு. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அடுத்த தலைமுறை இல்லை.

அலெமாயெஹு வாஸ்ஸி என்ற எத்தியோப்பிய ஆய்வாளர் தெற்கு கோந்தர் பகுதியில் 28 கோவில் காடுகளை அளந்து இதைத்தான் கண்டார். அந்த 28-இல் மட்டும் 160-க்கு மேற்பட்ட மர, புதர், கொடி இனங்கள் இருந்தன. ஆனால் மண்ணுக்குள் இந்த மரங்களின் விதை அநேகமாகத் தூங்கிக் கிடப்பதில்லை. புல்லும் களையும் என்றால் மண்ணில் வருஷக்கணக்கில் காத்திருக்கும். இந்த மரங்களின் விதை அந்தந்தப் பருவத்தில் முளைத்தால் உண்டு, இல்லையென்றால் போயிற்று. தாய்மரம் விழுந்த பிறகு மழை பெய்து பயனில்லை.

காட்டின் ஓரத்தில் வரிசையாகத் தைலமரம். யார் நட்டது என்றேன். அபா ஒளிக்கவில்லை. கோவில்தான் நட்டது. 1975-இல் ராணுவ அரசு நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு சபைக்கு வருமானம் இல்லை. கூரைத் தகரம் மாற்ற வேண்டும் என்றால் தைலமரத்தை விற்றுத்தான் ஆக வேண்டும். எனக்கு எங்கள் கமிட்டி செயலாளரின் முகம் ஞாபகம் வந்தது. அவரும் ஒரு கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

திரும்பி நடக்கும்போது அதே வெயில், அதே மொட்டை வயல். ஏதேனில் மனுஷனைப் "பண்படுத்தவும் காக்கவும்" வைத்தார் என்று ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. ஒரே தோட்டத்துக்கு ஒரே ஆளுக்குக் கொடுத்த இரண்டு வேலை. இங்கே எல்லைக்கு வெளியே முழுக்கப் பண்படுத்தல், உள்ளே முழுக்கக் காத்தல். நடுவில் கோடு. வெளியே மண் மழைக்குக் கரைந்து செம்மண் ஓடையாகப் போகிறது, அதே சபையார்தான் உழுகிறார்கள். எபிரேயத்தில் "பண்படுத்த" என்கிற சொல்லுக்கே ஊழியம் செய்வது, ஆராதிப்பது என்றும் பொருள் உண்டு என்று வேதபாட வகுப்பில் படித்தது. இதை அபாவிடம் கேட்கத் தோன்றவில்லை. கேட்கிற தகுதி எங்கள் சேகரத்துக்காரிக்கு என்ன இருக்கிறது? இவர்களிடம் ஒரு வட்டமாவது மிஞ்சியிருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் சாஸ்தா கோவில்களுக்கும் இப்படித்தான் மரக்கூட்டம் உண்டு. ஒடிக்கக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது. எங்கள் முன்னோர் ஞானஸ்நானம் எடுத்தபோது சாஸ்தாவை விட்டார்கள், சரி. மரத்தை ஏன் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்றுதான் ராத்திரி முழுக்க யோசனை.

ஐந்தாம் நாள். நவம்பர் 9, சனி. டெப்ரே தாபோர்

அக்காவுக்கு வயிறு சரியில்லை. நர்ஸுக்கு வைத்தியம் சொல்ல யாரால் முடியும், அவளே பார்த்துக்கொண்டாள். அறையிலேயே இருந்தோம்.

படித்ததில் ஒன்று மட்டும். நூறு வருஷத்துக்கு முன் எத்தியோப்பியாவில் 40 சதவீதம் காடு இருந்தது, இப்போது 4 சதவீதம் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் இந்த 40-ஐ ஒத்துக்கொள்வதில்லை. இந்த மேட்டுநிலம் ஆயிரக்கணக்கான வருஷமாக ஏர் உழும் நிலம். 1938-இல் இத்தாலியர் ஆக்கிரமிப்பின்போது வானிலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. அவற்றை இன்றைய படங்களோடு வைத்துப் பார்த்தவர்கள், கோவில் காடுகள் அப்போதும் வட்டங்களாகத்தான் இருந்தன, பல காடுகள் கொஞ்சம் பெருத்தும் இருக்கின்றன என்கிறார்கள். பெருத்ததில் தைலமரத்துக்கும் பங்கு உண்டு. குறைந்தது எது என்றால், காட்டுக்கும் வயலுக்கும் நடுவில் இருந்த புதரும் ஒற்றை மரங்களும். அதாவது அந்தக் கோடு முன்பு இவ்வளவு கூர்மையாக இல்லை.

அக்கா சாயங்காலம் கஞ்சி குடித்தாள்.

ஆறாம் நாள். நவம்பர் 10, ஞாயிறு. ஸாரா, பிறகு பாஹிர் டார்

விடியுமுன் கிளம்பி, ஆராதனை முடிவதற்குள் ஸாரா கோவிலுக்கு வந்து சேர்ந்தோம். இங்கே ஆராதனை இருட்டிலேயே தொடங்கிவிடும். உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம். மீதிச் சபை முழுவதும் வெளியே, மரத்தடியில். வெள்ளை நெதெலாவைப் போர்த்திக்கொண்டு பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், வயதானவர்கள் நீளக் கோலில் சாய்ந்து. உள்ளே நடப்பது ஒலிபெருக்கியில் கேட்டது. ஒரு பாட்டி மரத்தில் முதுகைச் சாய்த்து உதடு அசைய ஜெபித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கோவிலில் வெளியே நிற்பவன் தாமதமாக வந்தவன். இங்கே வெளியே நிற்பவளும் கோவிலுக்குள்தான் நிற்கிறாள். எல்லை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த எல்லையில் இப்போது ஒரு மதில். சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் இல்லாமல் கல்லை அடுக்கி எழுப்பியது, இடுப்புக்குக் கொஞ்சம் மேல். அலெமாயெஹுவும் மெக் லோமன் என்ற அமெரிக்கப் பெண்மணியும் சேர்ந்து ஆரம்பித்த வேலை. லோமன் மர உச்சிகளில் ஏறி ஆராய்ச்சி செய்கிறவர். இருவரும் குருக்களைக் கூட்டி, வானிலிருந்து எடுத்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். பிறந்து வளர்ந்த காட்டை மேலிருந்து பார்த்ததும், அது எவ்வளவு சின்ன வட்டம், ஓரம் எப்படித் தேய்கிறது என்று குருக்களுக்கே அதிர்ச்சி. மதில் கட்டலாம் என்று முடிவானது. வெளிநாட்டில் காசு திரட்டினார்கள். கல்லுக்கு எங்கே போவது? வயலில்தான். உழவனுக்கு வயலில் கிடக்கும் கல் தொல்லை. பொறுக்கிக் கொண்டுபோய்க் கோவிலுக்குக் கொடுத்தால் ஏருக்கும் நல்லது, மாடும் உள்ளே வராது.

வெள்ளிக்கிழமை முட்டிபோட்ட அதே முட்டியை இங்கேயும் போட்டேன். எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மதிலுக்கு உள்பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அக்கா சொன்னாள்: "தூதர் காவல் இருந்தும் மாட்டுக்கு மதில் வேண்டியிருக்கு பாரு."

இங்குள்ள அபாவுக்கு எழுபது இருக்கும். இவரை அப்பா என்று கூப்பிடச் சிரமம் இல்லை. அக்கா சொன்னதை ஓட்டுநர் தம்பி மொழிபெயர்த்துவிட்டார், நான் தடுப்பதற்குள். பெரியவர் கோபப்படவில்லை. தூதர்கள் மனுஷனைப் பார்த்துக்கொள்வார்கள், மாட்டுக்கு வேதம் தெரியாதே என்றார். பிறகு மதிலுக்கு வெளியே கையைக் காட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். மதிலைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாமாம். கட்டும்போது காடு எங்கே முடிகிறதோ அங்கேயே கட்டிவிட்டார்கள். பத்துப் பாகம் வெளியே தள்ளியிருந்தால் காடு அதுவரை நடந்து வந்திருக்கும். வயல்காரரிடம் கேட்டிருக்கிறார்களா? கேட்டார்களாம். அவர் இன்னும் யோசிக்கிறாராம். இந்தக் கோவில் சபையில்தான் இருக்கிறார்.

பாஹிர் டாருக்கு மத்தியானம் வந்தோம். நான்கு நாளுக்குப் பிறகு நெட் கிடைத்ததும் அக்காவின் போன் அலறியது. சேகரத்து வாட்ஸ்அப் குழு. அசனப் பண்டிகைக்கு வரி, தலைக்கு இவ்வளவு. அதன் கீழேயே செயலாளரின் இன்னொரு செய்தி: மேற்குப் பக்கம் நிற்கும் இரண்டு வேம்பையும் எடுத்துவிட்டு நிரந்தரத் தகரப் பந்தல் போட கமிட்டி ஆலோசிக்கிறது, உறுப்பினர்கள் கருத்துச் சொல்லலாம். கீழே இருபத்தேழு ஆமென்.

நான் வேகமாக ஒரு பக்கத்துக்கு எழுதினேன். ஆதியாகமம், வேர், நிலத்தடி நீர், எல்லாம். அக்கா வாங்கிப் படித்துவிட்டு முழுவதையும் அழித்தாள்.

"இதெல்லாம் எவன் படிப்பான்? கணக்கு கேக்கவனுக்குக் கணக்காச் சொல்லு."

அவளே எழுதினாள். தகரப் பந்தல் போட்டால் மார்ச் மாசம் அதுக்கு அடியில் உட்கார ஃபேன் வேண்டும், எத்தனை ஃபேன், கரன்ட் பில் எவ்வளவு. பந்தல் செலவில் நாங்கள் இரண்டு பேரும் தருவதாக இருந்த பங்கை வேம்பு நிற்கிறவரைக்கும் வருஷா வருஷம் அசனத்துக்கு அரிசியாகத் தருகிறோம். வேம்பைச் சுற்றி ஆறு அடிக்கு பேவர் பிளாக்கைப் பெயர்த்துவிட வேண்டும்.

"ஆறு அடி என்ன கணக்கு அக்கா?"

"ஒரு பாகம்ட்டி. முதல்ல ஒண்ணு கேப்போம்."

அனுப்பியாகிவிட்டது. இதை எழுதும்வரை பதினொரு பேர் பார்த்திருக்கிறார்கள். செயலாளர் "டைப்பிங்" என்று காட்டிக் காட்டி மறைகிறார்.